ஓட மறுக்கும் கலியாண இறுவட்டுகள்

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு விளிம்பில் கடனீரேரியை ஒட்டி அமைந்த கொழும்புத்துறை, யோகர் சுவாமிகளின் ஆச்சிரமத்தாலும் புனித சவேரியார் குருமடத்தாலும் பெரிதும் அறியப்பட்ட ஊர். குடாநாட்டின் ஏனைய ஊர்களைப் போலவே இங்கும் வீட்டு அலுமாரிகளில் கலியாணம், சாமத்தியச் சடங்கு, தேர்த் திருவிழா, பெருநாள் திருப்பலி, அந்தியேட்டி என்று குடும்பத்தின் நன்மை தீமைகள் எல்லாம் ஒளிப்பதிவுகளாகச் சேர்ந்து கிடக்கின்றன. முதலில் வீடியோ கசெட்டாகவும், பின்னர் விசிடி, டிவிடி இறுவட்டுகளாகவும், இன்று கைத்தொலைபேசிக் கோப்புகளாகவும் வடிவம் மாறி வந்த இப்பதிவுகளுக்கு இம்மண்ணில் தனி மதிப்பு உண்டு; ஏனெனில் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் வலிகாமமும் நகரமும் வெறுமையானபோது, கையில் எடுத்துச் செல்ல முடியாத படத்தொகுப்புகளும் கசெட்டுகளும் வீடுகளோடு போயின. எஞ்சியது ஒரு பிரதியென்றால் அது பல குடும்பங்களுக்கு ஒரே பிரதி.

இத்தகைய பதிவொன்று வீட்டுக் கணினியில் ஓட மறுக்கும்போது, அது பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டி, இணையத்தில் அகப்படும் ஏதாவதொரு மென்பொருளால் வேறு வடிவத்துக்கு மாற்ற முனைவதே பலரின் வழக்கம். இது தலைகீழான வரிசை. ஓடாத கோப்புகளிற் பெரும்பாலானவை பழுதாகாதவை. அவற்றைப் படிக்கும் ஆற்றல் அந்தக் கணினியில் இல்லை என்பதே உண்மை நிலை. எனவே காரணத்தைக் கண்டறிவது முதலிலும் மாற்றுவது கடைசியிலும் வர வேண்டும்.

காரணத்தைக் கண்டறிய, ஒரு காணொளிக் கோப்பு இரண்டு அடுக்குகளால் ஆனது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். ஏவிஐ, எம்பி4, எம்கேவி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் ஒட்டு, படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் கொள்கலனையே குறிக்கிறது. அதற்குள் இருக்கும் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பதைக் கொடெக் எனப்படும் சுருக்கமுறை தீர்மானிக்கிறது. மூடிக் கட்டிய பனையோலைக் கடகம் உள்ளே இருப்பது ஒடியலா புளுக்கொடியலா என்று சொல்லாதது போல, எம்பி4 என்ற ஒட்டும் உள்ளே இருப்பது 2003இல் வந்த எச்.264 முறையா, 2013இல் வந்த எச்.265 முறையா என்று சொல்வதில்லை. இதனால்தான் ஒரே ஒட்டுடைய இரு கோப்புகளில் ஒன்று ஓடுகிறது, மற்றது ஒலியை மட்டும் தந்து திரையைக் கறுப்பாக விடுகிறது. கோப்பின் பெயரில் ஒட்டை மாற்றி எழுதுவதால் உள்ளிருப்பது மாறாது. பிரான்சில் பொறியியல் மாணவர்கள் 1996இல் தொடங்கியதும் 2001இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்ததுமான விஎல்சி இயக்கியில் கோப்பைத் திறந்து, கண்ட்ரோல் விசையுடன் ஜே எழுத்தை அழுத்தினால், படத்தின் கொடெக், ஒலியின் கொடெக், அகல உயரம், வினாடிக்கு எத்தனை சட்டங்கள் (தனிப்படங்கள்) என்ற விவரம் அனைத்தும் ஒரு சிறு சாளரத்தில் தோன்றும். நோயறிதலின் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

டிவிடி இறுவட்டுகளின் சிக்கல் வேறு வகையானது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், அந்த இயங்குதளத்துடன் வரும் இயக்கியில் டிவிடியை ஓட்டும் வசதி நீக்கப்பட்டது. ஆகவே பழைய கணினியில் ஓடிய கலியாண இறுவட்டு புதிய கணினியில் ஓடாமற் போவது இறுவட்டின் குற்றமன்று. விஎல்சியில் அந்த வசதி உள்ளடங்கியிருப்பதால், யூஎஸ்பி வழியே இணைக்கும் வெளிப்புற வட்டியக்கி ஒன்றைப் பொருத்தி, வட்டைத் திறக்கும் கட்டளையைக் கொடுத்தாற் போதும். வன்தட்டில் சேமிக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிவிடியில் உள்ள வீடியோ டிஎஸ் என்ற கோப்புறைக்குள், ஓடும் படம் ஒரு கிகாபைட்டுக்கு மேற்படாத விஓபி கோப்புகளாகத் துண்டு துண்டாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும். முதலாவது துண்டை மட்டும் பிரதி எடுத்தால், பெண் அழைப்பு இருக்கும், தாலிகட்டு இருக்காது. கோப்புறையை முழுமையாக, ஒரு கோப்பும் விடாமற் பிரதி எடுப்பதே முறை.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு இறுவட்டு அனுப்பிய குடும்பங்கள் அறிந்த இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கையின் தொலைக்காட்சி முறை பால் எனப்படுவது. அதில் படம் 576 கிடைவரிகளுடன் வினாடிக்கு 25 சட்டங்களாக ஓடுகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வழங்கியது என்டிஎஸ்சி முறை. அதில் 480 வரிகளும் ஏறத்தாழ 30 சட்டங்களும். பால் முறையே வழங்கிய லண்டனிலும் சிட்னியிலும் தடையின்றி ஓடிய இறுவட்டு ரொறன்ரோவில் பல வீடுகளின் டிவிடி இயக்கியில் ஓடாததற்கு இதுவே காரணம். கணினிக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டன்று, இரண்டையும் அது ஓட்டும். ஆயினும் கோப்பாக மாற்றுகையில் 25ஐ 30 ஆக்க முயன்றால், நடந்து வருபவர்கள் விட்டு விட்டு நடப்பது போன்ற தடுமாற்றம் படத்தில் ஏற்படும். மூலத்தின் எண்ணிக்கையை அப்படியே விடுவதே நல்லது.

இதே பழைய பதிவுகளில், ஆரத்தி எடுக்கும் கையோ அசையும் சேலைத் தலைப்போ கணினித் திரையில் சீப்பின் பற்கள் போல வரிவரியாகப் பிரிந்து தெரிவதுண்டு. அக்காலத் தொலைக்காட்சி ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறிக் காட்டியது; இதுவே வரிப்பின்னல். கணினித் திரை இரண்டையும் ஒருங்கே காட்டுவதால் அசையும் பொருள் இருவேறு இடங்களில் தோன்றுகிறது. விஎல்சியின் வீடியோ பட்டியில் வரிப்பின்னலைக் களையும் தெரிவை இயக்கினால் இக்குறை மறையும். இந்தப் பற்களைக் கண்டு கமெராக்காரரைக் குறை சொல்வோர் உண்டு. அவர் மீது தவறேதும் இல்லை.

கைத்தொலைபேசிப் பதிவுகளுக்கு வந்தால், அப்பிள் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் எச்.265 முறையிலேயே பதிவு செய்கின்றன. இம்முறை இடத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தினாலும், அதை விரித்துக் காட்டுவதற்குக் கணினி கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதால், பத்துப் பன்னிரண்டு ஆண்டு பழைய மடிக்கணினியில் படம் திக்கித் திக்கியே ஓடும். அனுப்புபவர் தம் தொலைபேசியின் கமெரா அமைப்பில் அதிகம் பொருந்தக்கூடிய வடிவம் என்ற தெரிவை முன்கூட்டியே இட்டுவிட்டால் பெறுபவருக்கு இந்தத் தொல்லை வராது. வட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அச்செயலி அதை நசுக்கிச் சிறிதாக்கிவிடுகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலக்கோப்பு மாறாமற் போய்ச் சேரும்.

உண்மையிலேயே பழுதான கோப்புகளும் உள. எம்பி4 கோப்பில் எந்தச் சட்டம் எங்கே உள்ளது என்ற சுட்டி பெரும்பாலும் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுவதால், இடையில் மின்கலம் தீர்ந்து தொலைபேசி அணைந்தால், படத்தரவு முழுவதும் உள்ளே இருந்தும் கோப்பு திறவாது. அதே தொலைபேசியில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பொன்றை முன்மாதிரியாகக் கொண்டு சுட்டியைத் திரும்பக் கட்டும் அன்ட்ரங்க் போன்ற கட்டற்ற கருவிகள் உள்ளன. ஆகையால் திறவாத கோப்பை அவசரப்பட்டு அழித்துவிடலாகாது. கோப்பில் பழுதேதும் இல்லாமலும், பென் டிரைவில் இடமிருந்தும், பெரிய கோப்பு அதில் ஏறாவிட்டால், அந்த டிரைவ் ஃபாட்32 முறையில் அமைந்திருக்கலாம். அம்முறையில் ஒரு கோப்பு நான்கு கிகாபைட்டைத் தாண்ட முடியாது.

இவ்வளவும் பார்த்த பின்னரே மாற்றம் பற்றிய பேச்சு. கொள்கலனை மட்டும் மாற்றுவது ஒன்று, படத்தையே அவிழ்த்து மறுபடி சுருக்குவது இன்னொன்று. முன்னதில் தரம் குறைவதில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி இதனைச் செய்யும். பின்னதில், ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளால் எவ்வளவு கவனமாகச் செய்தாலும், ஒவ்வொரு முறையும் படத்தின் நுண்விவரம் சிறிதளவு இழக்கப்படும். இழந்ததை மீட்க வழியில்லை. 576 வரிகளை 1080 ஆக்கினாலும் கமெரா காணாத முகக்களை அதில் வந்துவிடாது, கோப்புத்தான் பருக்கும். கோப்பை ஏற்றி மாற்றித் தரும் முகமறியாத இணையதளங்களைத் தவிர்ப்பது இன்னும் முக்கியம். வீட்டுப் பெண் பிள்ளைகளின் சடங்குப் படங்கள் யாருடைய கணினியில் தங்குகின்றன என்று எவருக்கும் தெரியாது.

எழுதக்கூடிய இறுவட்டுகளில் தகவலைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப்படலம். வெயிலும் வெப்பமும் ஈரமும் அதனைக் கெடுப்பதால், கடற்காற்று வீசும் ஊர்களில் அவை நீண்டகாலம் தாங்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஒரு வட்டியக்கியில் படிக்காத இறுவட்டு இன்னொன்றில் படிக்கலாம். துடைப்பதாயின் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனம் பொதுச் சேகரங்களுக்குச் செய்வதை, ஒவ்வொரு குடும்பமும் தன் அலுமாரியில் உள்ளவற்றுக்குத் தானே செய்துகொள்ள வேண்டியுள்ளது. வீட்டில் இத்தகைய இறுவட்டுகளை வைத்திருப்போர், அவை இன்னும் படிக்கும் நிலையில் இருக்கும்போதே முழுக் கோப்புறையையும் வன்தட்டுக்கு ஏற்றி, இரண்டாவது பிரதியொன்றை வேறு வீட்டில், இயலுமாயின் வேறு நாட்டில் உள்ள உறவினரிடம் ஒப்படைத்து, மாற்றிய கோப்பு எவ்வளவு அழகாக ஓடினாலும் மூலத்தை எறியாமல் வைத்திருக்க வேண்டும்.