93 வயதில் தொடங்கிய ஓட்டம்

2020 மார்ச் 8. தில்லி குடியரசுத் தலைவர் மாளிகையில் நாரி சக்தி விருது பெற்றவர்களில் நூறு வயதைத் தாண்டிய பாட்டி ஒருவரும் இருந்தார். சண்டிகரின் மன் கௌர்.

மகன் குருதேவ் சிங்கின் தூண்டுதலால் ஓடத் தொடங்கியபோது அவருக்கு வயது 93! 2017-இல் ஆக்லாந்தில் நடந்த உலக மூத்தோர் விளையாட்டில், அவரது வயதுப் பிரிவில் போட்டிக்கு வேறு யாருமே இல்லை. ஆனாலும் 100 மீட்டரை 74 விநாடிகளில் ஓடி முடித்துத் தங்கம் வென்றார். அதோடு நின்றாரா? அதே நகரின் ஸ்கை டவரில், 192 மீட்டர் உயரத்தில், கைப்பிடிச் சுவரில்லாத விளிம்பில், பாதுகாப்புக் கயிறு பூட்டிக்கொண்டு நடந்தார். நமக்கு நினைத்தாலே கால் கூசுகிறது!

முளைகட்டிய கோதுமை ரொட்டி சாப்பிட்டு, நாள் தவறாமல் பயிற்சி செய்த அந்தத் தாய், 2021 ஜூலை 31 அன்று 105 வயதில் மறைந்தார்.