காளவாய்ச் சுண்ணாம்பும் மூட்டைச் சிமென்ட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வன்னியம்பட்டியில் இன்று ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால், தெருவில் முதலில் எம்-சாண்ட் வந்து இறங்கும், பின்னாலேயே சிமென்ட் மூட்டை வரும். தண்ணீர் விட்டுக் கலந்த கலவையை ஒரு மணி நேரத்துக்குள் கொத்தனார் பூசி முடிக்க வேண்டும். சாப்பிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சட்டியிலேயே இறுகிவிடும். அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் சுண்ணாம்புக் காரை வீடு கட்டியவர்களுக்கு இந்த அவசரம் கிடையாது. அஸ்திவாரம் தோண்டும்போதே சுண்ணாம்புக்கும் ஒரு குழி தோண்டிவிடுவார்கள். சுவர் எழும்பும் வரை அது பாட்டுக்கு ஊறிக்கொண்டிருக்கும்.

கல்லுக்கு அவர்கள் தூரம் போகவில்லை. ஊருக்கு மேற்கே மலையடிவாரம், செம்மண். கிழக்கே சிவகாசி, சாத்தூர் பக்கம் போகப் போக மண் கறுத்துக் கரிசலாகிவிடும். கரிசலை வெட்டினால் அடியில் வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டிகள் அகப்படும். அதுதான் சுக்கான்கல். மழைத் தண்ணீர் மண்ணில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. கோடையில் ஈரம் வற்றும்போது சுண்ணாம்பு மட்டும் கட்டியாகத் தங்கிவிடுகிறது. ஏர் முனையில் இடிக்கும் இந்தக் கல்லை உழவன் திட்டுவான், காளவாய்க்காரன் பொறுக்கிக்கொண்டு போவான். ஒரு கட்டியை நுணுக்கி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், பொடிப்பொடியாக நுரைக்கும். கல்லுக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறுகிறது.

எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாகச் செய்வதைக் காளவாய் மொத்தமாகச் செய்யும். கல் ஒரு அடுக்கு, கரி ஒரு அடுக்கு என்று நிரப்பித் தீ வைப்பார்கள். சூடு 900 டிகிரியை எட்டினால் கல்லில் உள்ள வாயு கழன்றுவிடும். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ போட்டால் 56 கிலோதான் மிஞ்சும், பாக்கி 44 கிலோ காற்றோடு போய்விடும். வெந்த கல்லைக் கையில் எடுத்தால் எடை குறைந்திருப்பது தெரியும். பார்வைக்கு அதே கல்தான். தண்ணீர் பட்டால்தான் குணம் தெரியும். முதலில் ஒரு சீறல், பிறகு கல் விரிசல் விட்டு வெடிக்கும், பானை கொதித்து ஆவி கிளம்பும், கடைசியில் கல் வெண்ணெயாக நீறிக் கிடக்கும். அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போய்விடும் என்று பிள்ளைகளை அந்தப் பக்கமே அண்ட விடமாட்டார்கள்.

ஊறிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, வட்டமான பள்ளத்தில் கொட்டி, மாடு கட்டிய கல் உருளையால் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேரும். இந்தக் கலவை சிமென்ட்போல ஒரே நாளில் இறுகாது. காளவாயில் விட்ட அதே கரியமில வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு, வருஷக்கணக்கில் மறுபடியும் கல்லாகும். வன்னியம்பட்டிக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போதெல்லாம் பார்க்கிற 192 அடிக் கோபுரம், கருங்கல் அடித்தளத்துக்கு மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும்தான். மலைக்கு அந்தப் பக்கம் 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணைக்கு உள்ளே இருப்பதும் சுண்ணாம்பும் செங்கல் பொடியான சுர்க்கியும் சேர்ந்த காங்கிரீட்.

பிறகு சுண்ணாம்புக்கல்லைத் தேடி ஆலைகள் வந்தன. தாழையூத்தில் இந்தியா சிமென்ட்ஸ் 1949-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ராஜபாளையத்தில் நூற்பாலை நடத்திவந்த பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1957-ல் மெட்ராஸ் சிமென்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விருதுநகருக்கு அருகே ஆலை எழுந்த இடம் இன்று ராமசாமி ராஜா நகர். கம்பெனியின் பெயர் 2013-ல் ராம்கோ சிமென்ட்ஸ் என்று மாறியது. 1970-ல் ஆலங்குளத்தில் அரசே ஓர் ஆலை வைத்தது. சிமென்ட்டும் சுண்ணாம்புக்கல்தான். களிமண்ணோடு அரைத்து 1,450 டிகிரி வரை சுட்டு, ஜிப்சம் சேர்த்துப் பொடித்தால் சிமென்ட். சுக்கானிலும் களிமண் கலந்திருப்பதால் அந்தச் சுண்ணாம்பு ஈரத்திலும் ஓரளவு இறுகும். ஒருவகையில் அது சிமென்ட்டுக்கு ஒன்றுவிட்ட பங்காளி.

ஆலை பக்கத்திலேயே இருந்தும் மூட்டை லேசில் கிடைத்துவிடவில்லை. பெர்மிட் வாங்கி, காத்திருந்து வாங்கிய காலம் அது. 1982-ல் கட்டுப்பாடு தளர்ந்து, 1989-ல் முழுதாக நீங்கியது. அதற்குப் பிறகு காளவாய் தாக்குப்பிடிக்கவில்லை. அதற்காகக் கண்ணீர் விட நான் தயாரில்லை. காளவாய்ப் புகையிலும் சுண்ணாம்புக் குழியிலும் நின்றவர்களின் கையும் கண்ணும் பட்ட பாட்டை மறந்துவிட்டு, பழையதெல்லாம் பொன் என்று எழுதுவது எளிது. மேல்நிலைத் தொட்டியும் மாடி வீடும் ஏழைக்கும் ஒரு காங்கிரீட் கூரையும் சிமென்ட் கொடுத்தவை. அதற்கும் விலை உண்டு. ஒரு டன் சிமென்ட்டுக்குச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். பந்தல்குடி போன்ற இடங்களில் சுரங்கம் தோண்டித்தான் அதை எடுக்கிறார்கள். ஆலை வெளிவிடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது. காரைச் சுவர் அந்த வாயுவில் பெரும்பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். சிமென்ட் அந்த அளவுக்கு வாங்காது.

சுண்ணாம்பு ஊரைவிட்டு ஒரேயடியாகப் போய்விடவில்லை. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் தடவுகிறார்கள். வெற்றிலைக்கு வேண்டும். மயில்துத்தத்தோடு சேர்த்தால் பூசணத்துக்கு மருந்தாகும் போர்டோ கலவை. மந்திரி வருகிறார் என்றால் சாலையோரத்தில் ராவோடு ராவாக வெள்ளைக் கோடு விழும். பொங்கல் வெள்ளையடிப்புதான் மறைந்துவிட்டது. நீலம் கலந்த சுண்ணாம்பும் மட்டையும் போய், பட்டி பார்த்து எமல்ஷன் அடிக்கிறோம்.

தவறு நடப்பது பழைய வீடுகளில். காரை பெயர்ந்த இடத்தில் சிமென்ட் அப்பிவிடுகிறார்கள். இரண்டு வருஷம் வழவழவென்று இருக்கும். பிறகு விரலால் தட்டினால் பொத்துப் பொத்தென்று சத்தம் கேட்கும். பெயர்த்துப் பார்த்தால் உள்ளே உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைக் காரை வெளியே விடும், சிமென்ட் விடாது. அந்த ஈரம்தான் செங்கல்லைத் தின்கிறது.

புது வீட்டைச் சிமென்ட்டில் தாராளமாகக் கட்டுங்கள். தாத்தா கட்டிய வீடு என்றால், முதலில் பூச்சை ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். மெத்தென்று பொடியாக உதிர்ந்தால் பெரும்பாலும் காரைதான். அந்தச் சுவரில் ஒரு சாண் அடைப்பதானாலும் சுண்ணாம்புக் கலவையையே கேளுங்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் செட்டிநாட்டுப் பக்கமும், கோயில் திருப்பணிக்குப் போகும் சுதை வேலைக்காரர்களிடையேயும் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடுதலாகத்தான் கேட்பார்கள், கொடுங்கள்.