குறுந்துண்டு மரங்களை நீள்மரமாக்கும் விரல் இணைப்பு: ரப்பர் மர அனுபவமும் திருத்தணி வட்டாரப் பொருத்தமும்

ஆய்வுச்சுருக்கம்

தோட்ட மரங்களை அறுக்கும்போது குறுந்துண்டுகளே மிகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றை நீளவாக்கில் இணைக்கும் விரல் இணைப்பு முறை, விறகாகக் கருதப்பட்ட ரப்பர் மரம் மரச்சாமான் தொழிலின் மூலப்பொருளாவதற்குத் துணைநின்றது. அவ்விணைப்பின் வலிமை எங்கிருந்து பிறக்கிறது என்பதை விளக்கி, திருத்தணி வட்டார மரங்களுக்கு அம்முறை எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விரல் இணைப்பு, சரிவு இணைப்பு, நார்த்திசை, காழ், ரப்பர் மரம், மாமரம்

முன்னுரை

தொல்காப்பிய மரபியல், அகத்தே காழ் உடையதை மரம் என்றும் புறத்தே காழ் உடையதைப் புல் என்றும் பகுக்கிறது. காழ் என்பது வைரம். தச்சர் வழக்கிலும் ‘வைரம் பாய்ந்த மரம்’ என்பதே மரத்தின் உயர்ந்த தகுதியைக் குறிக்கும். மரபுத் தச்சு, நெடுங்காலம் நின்று வைரம் பாய்ந்த மரங்களை நம்பி வளர்ந்தது. மயமதம் மர இணைப்புகளுக்கெனச் ‘சந்திகர்மம்’ என்னும் தனி இயலையே வகுத்துள்ளது.

இன்று மூலப்பொருள் மாறியுள்ளது. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, தொழிலகங்கள் தமக்கு வேண்டிய மரத்தை இயன்றவரை உழவர்களின் துணையுடன் பெறவேண்டும் என்றது. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 12.12.1996 அன்று பிறப்பித்த ஆணை, காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. எனவே, வைரம் முற்றாத இளந்தோட்ட மரங்களைக் கொண்டே தேவையின் பெரும்பகுதியை நிறைவுசெய்ய வேண்டியுள்ளது.

குறுந்துண்டுகள் உருவாகும் காரணங்கள்

தோட்ட மரத்தின் தண்டு பருமனில் சிறியது. கணுக்களும் வளைவுகளும் அதில் மிகுதி. தைலமரத்தில் வளர்ச்சியின்போது தண்டினுள் தேங்கும் இறுக்கம், மரம் வெட்டப்பட்டதும் விடுபட்டு இரு முனைகளிலும் வெடிப்பை உண்டாக்குகிறது. ரப்பர் மரத்தில் பால்வடிப்பின் தழும்புகள் அடித்தண்டின் தரத்தைக் குறைக்கின்றன. குறையுள்ள பகுதிகளை வெட்டி நீக்கினால் எஞ்சுபவை பெரும்பாலும் குறுந்துண்டுகளே. அவை இணைக்கப்படாவிடில் விறகுக்கோ காகிதக் கூழுக்கோ எடைக்கணக்கில் செல்லும். இணைக்கப்பட்டால் பலகையாகக் கன அளவுக் கணக்கில் விலைபெறும். உழவரின் வருவாய் இவ்வேறுபாட்டைச் சார்ந்தது.

வலிமைக்குக் காரணம் சரிவே

மரம் நீள்குழல் வடிவ நார்களின் தொகுதி. குறுக்காக வெட்டிய முகத்தில் அக்குழல்கள் வாய்திறந்து நிற்பதால் பசையை உறிஞ்சிவிடுகின்றன. இரு வெட்டுமுகங்களை நேருக்கு நேர் ஒட்டினால் இணைப்பு எளிதில் விட்டுப்போவது இதனால்தான். நார்த்திசைக்கு இணையான பக்கத் தளங்களோ உறுதியாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே, வெட்டுமுகத்தை இயன்றவரை பக்கத் தளத்தின் தன்மைக்கு நெருக்கமாக மாற்றுவதே நீளவாக்கு இணைப்பின் அடிப்படை.

இதற்கு எளிய வழி சரிவு இணைப்பு. 1:12 சரிவில் சீவி ஒட்டினால் குறையற்ற மரத்தின் இழுவலிமையில் ஏறத்தாழ 90 விழுக்காடு வரை பெறலாம். ஆனால், 25 மி.மீ. தடிமனுள்ள பலகையில் அச்சரிவுக்கு 300 மி.மீ. நீளம் தேவைப்படுகிறது. 450 மி.மீ. துண்டுகளால் 3 மீட்டர் நீளம் அமைக்க இம்முறையில் 18 துண்டுகள் வேண்டும். 10 மி.மீ. நீள விரல்களைக் கொண்டு இணைத்தால் 7 துண்டுகளே போதும்.

விரல் இணைப்பு என்பது ஒரே நீண்ட சரிவைப் பல சிறு சரிவுகளாக மடித்து அமைப்பதாகும். எடுத்துக்காட்டாக, விரலின் நீளம் 10 மி.மீ., விரல்களுக்கிடையிலான தொலைவு 3.7 மி.மீ., நுனியின் அகலம் 0.6 மி.மீ. எனக் கொண்டால், சரிவு 1:8 ஆகிறது. ஒட்டும் பரப்பு குறுக்குவெட்டுப் பரப்பைப்போல் 5 மடங்குக்கு மேல் பெருகுகிறது. எனினும், மழுங்கிய நுனிகள் இழுவிசையைத் தாங்குவதில்லை. இவ்வமைப்பில் குறுக்குவெட்டில் சுமார் 16 விழுக்காடு அவற்றால் பயனிழக்கிறது. விரல் நீளம் 15 மி.மீ., இடைத்தொலைவு 3.8 மி.மீ., நுனி 0.42 மி.மீ. என மாற்றினால் இவ்விழப்பு 11 விழுக்காடாகக் குறையும். ஆகவே பசையின் தரத்தைப் போலவே வெட்டுக்கத்தியின் கூர்மையும் வலிமையைத் தீர்மானிக்கிறது.

ரப்பர் மரம் தரும் அனுபவம்

கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் மறுநடவுக்காக வெட்டப்படும் ரப்பர் மரங்கள் இம்முறைக்குத் தக்க சான்று. இம்மரத்தில் மாச்சத்து மிகுதி என்பதால் துளைப்பான் வண்டும் நீலக்கறைப் பூஞ்சையும் விரைந்து தாக்கும். எனவே அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசலால் பதப்படுத்தி, ஈரப்பதம் 8 முதல் 12 விழுக்காடு ஆகும்வரை உலர்த்துகின்றனர். பின்னர்க் குறைகள் நீக்கப்பட்டு, விரல்கள் வெட்டப்பட்டு, பசை தடவப்பட்டு, துண்டுகள் முனைகளிலிருந்து அழுத்தி இணைக்கப்படுகின்றன. வெட்டிய விரல்களைக் காத்திருக்க வைத்தால் காற்றின் ஈரத்தால் அவற்றின் வடிவம் மாறும். ஆதலால் வெட்டலும் ஒட்டலும் ஒரே நாளில் முடிதல் நலம்.

பயன்பாட்டுக்கும் எல்லை உண்டு. போரான் நீரில் கரைந்து வெளியேறும். மரச்சாமான் தொழிலில் பரவலாகப் பயன்படும் பாலிவினைல் அசிட்டேட் பசை, ஈரத்திலும் நீடித்த பளுவிலும் நெகிழும். ஆகவே மேசைப்பலகைக்கு ஏற்ற இணைப்பைக் கூரை உத்தரத்தில் பயன்படுத்துவது ஆபத்து. பளு தாங்கும் உறுப்புகளுக்கு ரிசார்சினால், மெலமைன் வகைப் பசைகளும் வலிமைச் சோதனையும் இன்றியமையாதவை.

திருத்தணி வட்டாரப் பொருத்தம்

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி வட்டாரத்தில் சவுக்கு, தைலமரம், மா ஆகியவை வளர்க்கப்படுகின்றன. இவற்றுள் ரப்பர் மரத்துக்கு நெருங்கியது மாமரமே. தாழ்ந்து கிளைக்கும் குட்டையான தண்டு, பசையை ஏற்கும் நடுத்தர அடர்த்தி, பூஞ்சைக்கும் வண்டுக்கும் இரையாகும் இயல்பு ஆகியவை இரண்டுக்கும் பொதுவானவை. காய்ப்புக் குறைந்து வெட்டப்படும் மாமரங்களுக்கு ரப்பர் மரப் பதப்படுத்தல் வரிசையைச் சிறு மாற்றங்களுடன் பின்பற்ற இயலும்.

சவுக்கின் நிலை வேறு. அடர்த்தி மிக்க அதன் தளத்தில் பசை எளிதில் ஊடுருவாது. உலரும்போது வெடிப்பும் மிகுதி. தைலமரத்தை விரைந்து உலர்த்தினால் அதன் உள்ளணுக்கள் நொறுங்கிப் பலகை சுருங்கி நெளியும். இவ்விரண்டிலும் இணைப்புக் கருவியை நிறுவுமுன் உலர்த்தும் முறையை வகுத்துக்கொள்ளல் வேண்டும். பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும் அத்தகைய ஆய்வுக்குத் துணைநிற்கத்தக்க நிறுவனங்கள்.

முடிவுரை

விரல் இணைப்பில் வலிமையைத் தருவது சரிவு. அதைக் காப்பவை உலர்ந்த மரமும் பொருத்தமான பசையும். இணைப்பின் வடிவத்தை எந்த மரத்திலும் வெட்டிவிடலாம். உலர்த்தலையும் ஒட்டலையும் மரத்துக்கு மரம் தனித்தே வகுக்க வேண்டும். திருத்தணி வட்டாரத்தில் இம்முயற்சியை மாமரத்திலிருந்து, உட்புற மரச்சாமான்களுக்கென மட்டும் தொடங்குவதே பொருத்தமாகும். சவுக்கையும் தைலமரத்தையும் உலர்த்தல் ஆய்வுகளின் முடிவுகளுக்குப் பிறகே இம்முறைக்கு உட்படுத்த வேண்டும்.