மரத்தளம் தாங்குமா? குத்திப் பார்த்தால் தெரியும்

வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி காய்வதில்லை, தோல் செருப்பில் பூசணம் பூத்துவிடுகிறது. அந்த ஊரில்தான் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி உட்கார வீட்டுக்கு வெளியே மரத்தளம் போடும் ஆசை பலருக்கு. தங்கும் விடுதிகளிலும் அது வழக்கமாகிவிட்டது. கட்டிய புதிதில் அழகாகத்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு மழைக்காலம் கழிந்ததும் ஒரு பலகை காலடியில் நெகிழும், கைப்பிடி ஆடும். ஆசாரியைக் கூப்பிட்டு நாலு பலகை மாற்றினால் போதுமா, எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டுமா என்று வீட்டில் பேச்சு எழும்.

மரம் ஏன் இற்றுப்போகிறது என்பது தெரிந்தால் விடையில் பாதி கிடைத்துவிடும். மரத்தைத் தின்பது மழை இல்லை, பூஞ்சை. அதற்குக் காற்றும் தண்ணீரும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் வளர முடியாது. புதிதாகக் கால் ஊன்ற அதற்கு ஏறத்தாழ 30 சதவீதம் தேவை. காற்றின் ஈரம் 90 சதவீதம் இருக்கும் மூட்ட நாளில்கூட, நனையாத மரம் காற்றிலிருந்து இழுத்துக்கொள்வது 20 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். அதாவது மூடுபனி மட்டும் மரத்தை அழிக்காது. அழிப்பது தேங்கும் தண்ணீர். மூடுபனி செய்யும் கேடு வேறு: ஒருமுறை நனைந்த மரத்தை அது காயவிடுவதில்லை. பொள்ளாச்சியில் ஒரு மழைக்குப் பிறகு இரண்டு நாள் வெயிலில் உலர்ந்துவிடும் அதே கட்டை, மேலே வால்பாறையில் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். பூஞ்சைக்கு அந்த அவகாசம் போதும்.

தண்ணீர் எங்கே நுழைகிறது என்பதுதான் இங்கே முக்கியம். பலகையின் அகலப் பக்கம் தண்ணீரைச் சுலபத்தில் உறிஞ்சாது. அறுத்த முனை அப்படியில்லை. மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீர் ஏறிய நுண்குழாய்கள் அங்கே வாய் திறந்தபடி நிற்கின்றன. அகலப் பக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக அவை நீரை இழுக்கும். ஆகவே தூணின் அடி, குறுக்குச் சட்டத்தின் முனை, உத்தரம் சுவரோடு சேருமிடம், ஆணி இறங்கிய துளை ஆகிய இந்த இடங்களில்தான் மரம் முதலில் உக்கும். நடுப்பலகை பளபளவென்று இருப்பதைப் பார்த்து யாரும் தைரியம் கொள்ள வேண்டாம்.

சோதனைக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. கூரான திருப்புளி ஒன்றும் சின்னச் சுத்தியல் ஒன்றும் போதும். தளத்தின் மேல் நின்று பார்க்காமல் அடியில் குனிந்து போங்கள். தூணின் அடியைத் திருப்புளியால் அழுத்திக் குத்துங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். நெம்பினால் நீளச் சிம்பாகப் பிளக்கும். கெட்ட மரத்தில் முனை தடையில்லாமல் இறங்கும், நெம்பினால் ஓசையின்றித் துண்டாக உதிரும். சுத்தியலால் தட்டினால் திடமான மரம் 'ணங்' என்று பேசும், உள்ளே உளுத்தது 'பொத்' என்று அடங்கும். மரம் பழுப்பாகி, குறுக்கும் நெடுக்குமாகச் சதுரம் சதுரமாக வெடித்திருந்தால் பழுப்பு அழுகல் வந்துவிட்டது. இதுதான் பெரிய ஆபத்து. மரத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள்ளேயே அதன் வலுவில் பாதிக்கு மேல் போய்விடும். கண்ணுக்கு மரமாகத் தெரிவது சுமைக்கு மரமாக இருக்காது.

எதைச் சோதிக்காமல் விட்டாலும் சுவரோடு சேரும் இடத்தை விடக்கூடாது. 2015 ஜூன் 16 அன்று அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனி, பிறந்தநாள் கொண்டாட்டத்தின் நடுவே முறிந்தது. ஆறு இளைஞர்கள் இறந்தார்கள், ஏழு பேர் காயமடைந்தார்கள். கட்டடத்துக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. பால்கனியைத் தாங்கிய மரச்சட்டங்கள் சுவர் ஓரத்தில் அழுகிப்போயிருந்தன. மேலே பூசிய பூச்சு அதை மறைத்துவிட்டது. அதற்குப் பிறகு 2018இல், மரம் தாங்கும் பால்கனிகளையும் தளங்களையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது. நம் ஊரில் அப்படி யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பால்கனிக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ சுமையைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875. பத்துக்குப் பத்தடித் தளம் என்றால் இரண்டே முக்கால் டன். பொங்கல் விடுமுறையில் சொந்தபந்தம் எல்லாம் ஒரே ஓரத்தில் சாய்ந்து நின்று படம் எடுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

இனி முடிவு. பலகை மட்டும் வெடித்திருக்கிறது, அடியில் சட்டமும் உத்தரமும் திடமாக இருக்கின்றன என்றால் பழுது பாருங்கள். அதில் தயக்கமே வேண்டாம். ஒன்றிரண்டு சட்டங்கள் மட்டும் முனையில் கெட்டிருந்தால் அவற்றின் பக்கத்திலேயே அதே உயரப் புதுக்கட்டையைச் சேர்த்து போல்ட் போட்டு முறுக்கலாம். தூணின் அடி மட்டும் போயிருந்தால் கெட்ட பகுதியை நல்ல மரம் வரும்வரை அறுத்தெடுத்துவிட்டு, தரைக்கு மேல் நிற்கும் கல்லிலோ கான்கிரீட்டிலோ பதித்த இரும்புத் தாங்கியில் நிறுத்தலாம். ஆனால் சுவர் ஓரத்து உத்தரம் மென்மையாகிவிட்டது, அல்லது சட்டங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் திருப்புளி இறங்குகிறது என்றால் ஒட்டுப்போடுவது வீண் செலவு. பிரித்துவிடுங்கள். உயரமான சரிவின் மேல் நிற்கும் தளமாக இருந்தால் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகே எதையும் செய்யுங்கள்.

எதைச் செய்தாலும் தண்ணீரின் வழியை மாற்றாமல் செய்தால் அதே இடம் மறுபடி அழுகும். பலகைகளுக்கு இடையே விரல் நுனி அளவு இடைவெளி, அறுத்த முனைகளுக்கெல்லாம் பூச்சு, கூரைத் தண்ணீர் தளத்தில் விழாதபடி ஓடை, அடியில் காற்று ஓட இடம். சாதா இரும்பு ஆணி ஈரமான மரத்தோடு சேர்ந்து கறுத்துச் சுற்றியுள்ள மரத்தையும் அரிக்கும்; துத்தநாகம் தோய்த்ததோ துருப்பிடிக்காத எஃகோ போடுங்கள். வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடித்தால் மரம் உலர்ந்த நிலையில் பூச்சு ஏறும்.

மரம் தேர்வதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கிறது. வெளியே நனையும் வேலைக்கு அது உதவாது. தேக்கு உதவும். ஆனைமலைத் தேக்கு ஒரு காலத்தில் டாப்சிலிப்பிலிருந்து சரிவில் உருட்டப்பட்டு, பம்பாய்க் கப்பல் தளம்வரை போனது. ஆனால் தேக்கு என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குத்தான் பூஞ்சையையும் கறையானையும் தடுக்கும் இயற்கைப் பொருள்கள் உண்டு. ஓரத்து வெள்ளைக்கட்டை எந்த மரத்தினுடையதாக இருந்தாலும் சீக்கிரம் போய்விடும். பலகை வாங்கும்போது வெளிறிய பட்டை ஓடுகிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

மருந்து ஏற்றிய மரம் இன்னொரு வழி. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த அந்த மருந்தை 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தவர் சோன்டி காமேசம் என்ற இந்தியர். உலகெங்கும் தந்திக் கம்பங்களையும் வீட்டுத் தளங்களையும் அது பல பத்தாண்டுகள் காத்தது. ஆர்சனிக் காரணமாக 2003 இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அது நிறுத்தப்பட்டது. இந்த மருந்து ஏறிய பழைய மரம் பெரும்பாலும் வெளிர்ப் பச்சை ஓடியிருக்கும்; நாள்பட்டால் அந்த நிறம் மங்கிவிடும் என்பதால், என்ன மருந்து ஏறியது என்று தெரியாத பழைய பலகை எதையும் குளிர்காலத்தில் வெந்நீர் அடுப்பில் வைத்து எரிக்காதீர்கள். புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். அந்தச் சாம்பலைக் காய்கறிப் பாத்திக்கும் போடக்கூடாது.