வாங்குவதா, காத்திருப்பதா?

'பொறுத்தார் பூமியாள்வார்' என்கிறது ஒரு பழமொழி. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்கிறது மற்றொன்று. கணனிக்குக் கிராபிக்ஸ் அட்டை வாங்க எண்ணும் இளைஞர் எதனைப் பின்பற்றுவது? இக்கேள்வி கொழும்புக்கும் கொக்கிளாய்க்கும் பொதுவானதே. எனினும், கடலையும் களப்பையும் நம்பி வாழும் குடும்பமொன்றில் அத்தொகை ஒரு பருவத்தின் சேமிப்பாக இருக்கக்கூடும். அங்கு தவறான முடிவின் சுமை அதிகம்.

காத்திருந்தால் விலை குறையும் என்ற நம்பிக்கை முற்றிலும் பிழையன்று. எதீரியம் என்ற மின்னியல் நாணயத்தை ஈட்டுவதற்காக 2021இல் இவ்வட்டைகள் வாங்கிக் குவிக்கப்பட்டன, விலை எகிறியது. 2022இல் அது இறங்கத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் எதீரியம் தன் இயங்குமுறையை மாற்றியதும் அந்தத் தேவையே அற்றுப்போனது. வெளிநாடுகளில் பொறுத்திருந்தோர் பயனடைந்தனர்.

இலங்கையில் நடந்தது வேறு. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 300 டொலர் அட்டையொன்று 200 டொலராகக் குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். முன்னர் 60,000 ரூபாவாக இருந்த அதன் பெறுமதி, விலை குறைந்த பின்னர் 72,000 ரூபாவாகிறது! வரியும் வணிகர் இலாபமும் தனி. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்டதையும் மறத்தலாகாது. ஆக, உலகச் சந்தையின் விலையை மட்டும் பார்த்துக் காத்திருப்பது நமக்குப் பொருந்தாது.

2025இன் பிற்பகுதியிலிருந்து உலகச் சந்தையும் மாறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் உள்வாங்குவதால் அவற்றின் விலை ஏறியது. கிராபிக்ஸ் அட்டைக்கும் அச்சில்லுகள் இன்றியமையாதவை. புதிய தொழிற்சாலைகளை எழுப்ப ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் விரைவான வீழ்ச்சியை எதிர்பார்ப்பதற்கில்லை.

எனவே முடிவைத் தேவையே தீர்மானிக்க வேண்டும். பாடசாலைக் கல்விக்கும் அலுவலக வேலைக்கும் செயலியுடன் இணைந்துவரும் வரைகலைத் திறனே போதும். காணொளித் தொகுப்பாலோ முப்பரிமாண வடிவமைப்பாலோ வருவாய் ஈட்டுபவர், கையில் பணமிருப்பின் தாமதிக்க வேண்டியதில்லை. விளையாட்டுக்கென்றால் காத்திருக்கலாம், கடன்படுதல் ஆகாது. பழுதானால் முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ கொண்டுசெல்ல வேண்டிய ஊரில், உத்தரவாதமற்ற பழைய அட்டை மலிவானதுமன்று.

வலை கிழிந்த மீனவர் நூல் விலை இறங்கட்டும் என்று பருவத்தைத் தவறவிடுவதில்லை. வலை நன்றாயிருக்கையில், புதியது வந்துவிட்டதென்று கடன் வாங்குவதுமில்லை. இளைஞர்களுக்கும் அதுவே தக்க வழி.