வாடிய கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்!

வாடிய பயிரைக் கண்டால் உழவன் கை தானாக மடையைத் திறக்கப் போகும். நெல்லுக்கும் வாழைக்கும் அது சரி. தொட்டியில் நிற்கும் கள்ளிச்செடிக்கு அதுவே பல நேரம் எமனாகிவிடுகிறது.

நம் இதழில் தொட்டிக் கள்ளிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காரணம் இரண்டு. 'என்றைக்காவது நிலம் வாங்கி விவசாயம் பார்க்கணும்' என்று ஆசைப்படும் நகரத்து நண்பர்கள் பலர் முதலில் வளர்ப்பது ஜன்னலோரத்தில் ஒரு கள்ளியைத்தான். அது செத்துப்போனால், 'நமக்குக் கைராசி இல்லை' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டாவது, இப்போது நம் பக்கம் பரவிவரும் டிராகன் பழமும் கள்ளிக் குடும்பம்தான். ஒரு தொட்டியில் கற்றுக்கொள்வது வயலுக்கும் உதவும்.

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாம் எல்லாவற்றையும் கள்ளி என்றே சொல்கிறோம். சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் ஆமணக்கு வகையறா. ஒடித்தால் பால் வரும். கண்ணில் பட்டால் ஆபத்து. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி, டிராகன் பழம், நர்சரிகளில் விற்கும் உருண்டைக் கள்ளிகள் எல்லாம் வேறு குடும்பம். இங்கே நான் சொல்வது இவற்றைப் பற்றி.

வேருக்கும் மூச்சு வேண்டும்

மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும். நீர் ஆவியாகப் போகும். கள்ளி இரவில்தான் திறக்கும். அதனால் நீர்ச்செலவு மிகக் குறைவு. தண்டு முழுக்கச் சேமிப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட செடியின் வேரை எந்நேரமும் ஈரத்தில் வைத்தால், மண்ணில் காற்று இல்லாமல் வேர் அழுகும். பாலேக்கர் சொல்லும் 'வாப்சா', அதாவது மண்ணில் காற்றும் ஈரப்பதமும் சேர்ந்து இருக்கும் நிலை, நமக்குப் பழகிய சங்கதி. கள்ளிக்கு அதில் காற்றின் பங்கு கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், தாகத்தில் வாடிய கள்ளியும் வேர் அழுகிய கள்ளியும் ஒரே மாதிரி சுருங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் சாகும். அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றுவது, வாராக்கடன் கணக்குக்கு மறுபடி கடன் கொடுப்பது போல. வங்கியில் அதைச் செய்ய மாட்டோம். தொட்டியில் தாராளமாகச் செய்கிறோம்.

நோய் அறிவது எப்படி?

மண்ணைத் தொட்டுப் பாருங்கள், பிறகு செடியை ஒரு குச்சியால் மெல்ல அழுத்திப் பாருங்கள்.

• மண் காய்ந்திருக்கிறது, தண்டு சுருங்கினாலும் கெட்டியாக இருக்கிறது: தாகம்.

• மண் ஈரம், அடித்தண்டு பழுப்பேறிக் கொழகொழவென்று இருக்கிறது, வாடை வீசுகிறது: அழுகல்.

• நுனி மட்டும் வெளுத்து, ஒல்லியாக நீண்டு சாய்கிறது: வெயில் பற்றாக்குறை.

• ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப் பட்டை பட்டையாகக் காய்கிறது: நிழலிலிருந்து திடீரென்று உச்சி வெயிலுக்கு மாற்றியதால் வந்த சூடு.

சந்தேகமாக இருந்தால் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிடுவதே நல்லது. செய்தித்தாளை நாலாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்தால் முள் குத்தாது. வேர் வெள்ளையாகவோ இளம்பழுப்பாகவோ உறுதியாக இருந்தால் பிழைக்கும். கறுத்து, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் அது செத்த வேர்.

பிழைக்க வைப்பது

தாகம் என்றால் சுலபம். ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீர் வைத்து, தொட்டியை அரை மணி நேரம் அதில் உட்கார வையுங்கள். எடுத்து நன்றாக வடிய விடுங்கள். சில நாட்களில் தண்டு நிமிரும்.

அழுகல் என்றால் கத்திதான். கத்தியை வெந்நீரில் கழுவித் துடைத்து, அழுகிய பகுதிக்கு மேலே வெட்டுங்கள். வெட்டிய முகத்தில், நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தாலும் இன்னும் கொஞ்சம் மேலே வெட்ட வேண்டும். சுத்தமான பச்சை-வெள்ளை முகம் வரும்வரை இரக்கம் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். வெட்டுவாயில் கரித்தூள் தடவலாம். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் காய விடுங்கள். தடித்த தண்டு என்றால் இரண்டு வாரம். வெட்டுவாய் தோல் போல இறுகிய பிறகு, உலர்ந்த மண் கலவை மேல் நிற்க வையுங்கள். தண்ணீர் வேண்டாம். வேர் பிடிக்க ஒரு மாதம்கூட ஆகும். தினமும் இழுத்துப் பார்த்தால் வரும் வேரும் அறுந்துவிடும். லேசாக ஆட்டும்போது பிடிமானம் தெரிந்த பிறகு கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள்.

வெயில் பற்றாக்குறையில் நீண்ட பகுதி மறுபடி பருக்காது. மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்கினால் புதுத் தளிர் சரியாக வரும்.

சிவப்பு, மஞ்சள் தலை வைத்த ஒட்டுக் கள்ளி தனிக்கதை. அந்தத் தலையில் பச்சையம் இல்லை. கீழே உள்ள பச்சைத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. அந்தத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழ வகைதான். கீழே அழுகினால் தலையை மட்டும் மண்ணில் நட்டுப் பயனில்லை. நல்ல டிராகன் துண்டு ஒன்றைத் தட்டையாக வெட்டி, தலையின் அடியையும் புதிதாக வெட்டி, நடுவில் தெரியும் வளையங்கள் ஒன்றையொன்று தொடும்படி வைத்து ரப்பர் பேண்டு போடுங்கள். இரண்டு வாரத்தில் ஒட்டிவிடும்.

மண்ணும் தண்ணீரும்

செம்மண் ஒரு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத்துண்டு ஒரு பங்கு, அதில் ஒரு கைப்பிடி நன்கு மட்கிய எரு. எம்-சாண்ட் என்றால் தூசி போகக் கழுவுங்கள். இல்லாவிட்டால் சிமெண்ட் போல இறுகும். கரிசலும் களியும் வேண்டாம். தென்னை நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்துவைக்கும். மற்ற செடிக்கு அது குணம், கள்ளிக்குக் குற்றம்.

அடியில் ஓட்டை உள்ள மண் தொட்டி, செடியைவிட ஓர் அங்குலம் அகலம் இருந்தால் போதும். அழகுக்காக ஓட்டையில்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் வைப்பது குளத்தில் வைப்பது மாதிரி.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். ஓர் ஈர்க்குச்சியை அடிவரை செருகி எடுங்கள். மண் ஒட்டாமல் வந்தால் மட்டும், அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நம்மவர்கள் கவனத்துக்கு

இயற்கை விவசாயிகள் வீட்டுக் கள்ளிக்கு ஒரு தனி ஆபத்து உண்டு: நம் அன்பு. வாரம் தவறாமல் ஜீவாமிர்தம், மேலே கனமான மூடாக்கு, தாராளமாக மண்புழு உரம். கள்ளி ஏழை மண்ணுக்குப் பழகிய செடி. அதிக ஊட்டம் கிடைத்தால் ஊதி, மென்மையாகி, சீக்கிரம் அழுகும். நன்கு நீர்த்த கரைசல் வெயில் காலத்தில் மாதம் ஒரு முறை போதும். நோயுற்ற செடிக்கு அதுவும் கூடாது. மூடாக்குக்குப் பதில் கூழாங்கல் பரப்பலாம்.

வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி வந்தால், சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். வேப்பெண்ணெய் கரைசல் என்றால் மாலையில் மட்டும். வெயிலில் எண்ணெய் தண்டைச் சுட்டுவிடும். இந்தப் பூச்சியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நம் நிலங்களை ஆக்கிரமித்திருந்த சப்பாத்திக்கள்ளியை அடக்கியதே, 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட கோச்சினீல் பூச்சிதான். அதுவும் இதே போலப் பஞ்சு போர்த்திய சாறுறிஞ்சி.

போன மழைக்குப் பிறகு பக்கத்துத் தோட்டத்துத் தம்பி, "அண்ணே, டிராகன் செடியெல்லாம் மஞ்சளாகித் தொங்குது. சொட்டுநீரை ரெண்டு மணி நேரம் கூட்டிவிடலாமா?" என்று கேட்டார். ஒரு தூணடியில் கையால் மண்ணைப் பறித்தோம். வேர் கறுத்திருந்தது. சொட்டுநீரை நிறுத்தி, வடிகால் வெட்டி, மேட்டுப்பாத்தி அமைத்தார். முற்றிலும் கெட்ட செடிகளில் மேல் தண்டை வெட்டிக் காயவைத்து மறுபடி நட்டார். பாதிக்கு மேல் தப்பியது.

அவர் தோட்டத்தில் செய்ததும், ஜன்னலோரத் தொட்டியில் நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்றுதான். உங்கள் கள்ளி சாய்ந்திருந்தால் சொம்பை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் வேரைப் பாருங்கள்.