பரணில் கிடக்கும் மிலாறு: குளுக்ககன் எப்படி இயங்குகிறது?

கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் பால்வெட்டுக்காரர்கள் விடியுமுன்பே இறப்பர் மலைக்குப் போய்விடுவார்கள். சீனி நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்புகிறவர்தான் ஆபத்தில் இருக்கிறார்.

ஏன் என்று தெரிய, லயத்துக் குசினிக்குள் வாருங்கள். மூளை, அணையவே கூடாத அடுப்பு. இரத்தத்தில் ஓடும் சீனிதான் விறகு. சாப்பிட்டதும் விறகு மிஞ்சுகிறது. இன்சுலின் அதில் கொஞ்சத்தைக் கட்டாகக் கட்டிப் பரணில் ஏற்றுகிறது. பரண் என்பது ஈரல். கவ்வாத்து மிலாறைக் கட்டி அடுக்குவதுபோல, ஏறத்தாழ 100 கிராம் சீனியை அது கிளைக்கோஜன் என்னும் கட்டாக வைத்திருக்கும். தசையிலும் கட்டுகள் உண்டு. ஆனால் தசை தன் விறகைத் தானே எரித்துக்கொள்ளும், ஒரு சுள்ளியைக்கூட இரத்தத்துக்குத் தராது.

அடுப்பு தணியும்போது பரணில் கைவைத்துக் கட்டை அவிழ்ப்பது குளுக்ககன். இன்சுலினைப் போலவே இதுவும் சதையியில் சுரக்கிறது. 1923இல் கிம்பல், மர்லின் என்ற ஆய்வாளர்கள் இதை இனங்கண்டார்கள். பல வருடம் இன்சுலின் போடுகிறவர்களிடம் இந்தக் கை சோர்ந்துவிடுவதுண்டு. அப்போது வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். அதுதான் குளுக்ககன் ஊசி.

100 மில்லிலீற்றர் இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். விழுங்க முடிகிறவருக்கு ஊசி வேண்டாம். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் போதும். மயங்கியவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

வீட்டில் குளுக்ககன் பெட்டி இருந்தால், சிரிஞ்சில் உள்ள நீரைத் தூள் போத்தலுக்குள் செலுத்தி, தெளியும்வரை மெல்லச் சுழற்றி, உறிஞ்சியெடுத்துத் தொடையில் போடலாம். கரைத்ததை அப்போதே போட்டுவிட வேண்டும். பெரியவருக்கு 1 மில்லிகிராம். பிள்ளைக்கு எவ்வளவு என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஊசி போட்டதும் ஆளைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், வாந்தி வரக்கூடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலும் கண் திறப்பார். நன்றாக விழுங்க முடிந்ததும் முதலில் சீனித்தண்ணி, பிறகு ரொட்டியோ சோறோ கொடுக்க வேண்டும், பரண் காலியாகிவிட்டதல்லவா? சீனி நோய்க்குப் போடும் மாத்திரைகள் சில நெடுநேரம் வேலை செய்யும். எழுந்தவர் மறுபடி சரியலாம் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. குளுக்ககனில் சீனி இல்லை. அது கட்டை அவிழ்க்கும் கை மட்டுமே. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர், வெறும் வயிற்றில் சாராயம் குடித்தவர், ஈரல் பழுதானவர் ஆகியோரின் பரணில் அவிழ்க்கக் கட்டே இராது. அவர்களுக்கு நரம்பு வழியே ஏற்றும் குளுக்கோஸ்தான் உயிர்காக்கும். அதற்குத் தாமதமின்றி ஆஸ்பத்திரி சேர வேண்டும்.

ஆகவே மலைக்குப் போகுமுன் இரண்டு ரொட்டியாவது சாப்பிடுங்கள். மடியில் ஒரு பொட்டலம் சீனி இருக்கட்டும். உங்களுக்குச் சீனி நோய் என்பது பக்கத்து நிரையில் நிற்பவருக்கும் தெரிந்திருக்கட்டும்.